பென்னாகரத்துக்கு எத்தனை சுழி?

தகடூரான்:
நேற்று நம் தருமபுரி குழுவில் ஒரு மகான் எழுதியதைப் படித்தீர்களா? சின்ன வயதில் பஸ் போர்டில் மூன்று சுழி போட்டு 'பெண்ணாகரம்' என்றுதான் இருந்ததாம். இப்போது எங்கே பார்த்தாலும் இரண்டு சுழி, 'பென்னாகரம்'. அதனால் நாமெல்லாம் வேறொரு உலகத்துக்குத் தடம் மாறிவிட்டோமாம்! எழுத்துப் பிழைக்கு இப்படி ஒரு ஜாமீனா?

காவிரிக்கரை:
அந்த மகான் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். அமெரிக்காவில் பெரன்ஸ்டைன் கரடிகள் என்று குழந்தைப் புத்தக வரிசை, 1962-லிருந்து வருகிறது. பெயரின் முடிவில் 'எஸ் டி இ ஐ என்' என்று படித்ததாக ஏராளமானோர் சத்தியம் செய்கிறார்கள். அட்டையில் இருப்பதோ 'எஸ் டி ஏ ஐ என்'. அத்தனை பேருக்கும் அதே பிழை எப்படி வரும்?

தகடூரான்:
காரணம் ஒன்றாக இருந்தால் பிழையும் ஒன்றாகத்தான் இருக்கும். ஐன்ஸ்டைன், ஃபிராங்கன்ஸ்டைன் என்று 'இ' போட்ட பெயர்களே பார்த்துப் பழகிய கண் அது. 'ஏ' போட்டது அந்தப் புத்தகங்களைப் படைத்த தம்பதியின் குடும்பப் பெயர், வேறெங்கும் அதிகம் கண்ணில் படாது. நமக்கு பெண் இருக்கிறாள், பெண்ணையாறு இருக்கிறது. கை தானாக மூன்று சுழி போடும்.

காவிரிக்கரை:
பெண்ணையாறு கிருஷ்ணகிரிப் பக்கம், பென்னாகரம் காவிரிப் பக்கம். ஆறே தெரியாதவர் சுழி எண்ண வந்துவிட்டார்.

தகடூரான்:
அப்படியா? நம் தருமபுரி மாவட்டத்து இருமத்தூரில் ஓடுவது என்ன, கூவமா?

மாந்தோப்பு:
ஆற்றைப் பற்றிப் பேசுவதென்றால் எங்களைக் கேட்டுப் பேசுங்கள். 2004-ல் மாவட்டம் பிரிந்தபோதே கிருஷ்ணகிரி அணை எங்கள் பக்கம் வந்துவிட்டது. அப்புறம், பெங்களூரா மாம்பழம் கூழுக்குத்தான் லாயக்கு என்று போன சீசனில் எழுதியவர்தானே இந்தத் தகடூரான்? நாக்கையே நம்ப முடியவில்லை, கண்ணை எப்படி நம்புவது?

புதுசு:
அண்ணா, இதை மண்டேலா விளைவு என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

தகடூரான்:
மண்டேலா 1990-ல் விடுதலையாகி, அதிபராகி, 2013-ல்தான் இறந்தார். 80-களிலேயே சிறையில் செத்துப்போனதாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள் பலர். பலர் ஒரே விஷயத்தை ஒரே மாதிரித் தப்பாக நினைவில் வைத்திருப்பதற்கு அதிலிருந்து வந்த பெயர். தம்பி, குறுக்கே வராதீர்கள். மாந்தோப்பு அவர்களே, கூழுக்கு லாயக்கு என்றால் அது இழுக்கா? உங்கள் ஊரில் அத்தனை கூழ் ஆலைகள் எதற்கு?

சைன்போர்டு:
நாங்கள் போர்டு எழுதும் குடும்பம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் ணா, னா, றா மூன்றுக்கும் துணைக்கால் கிடையாது. எழுத்தின் வாலே கீழே இறங்கி வளையும். என் அப்பா அதற்குப் பிறகும் வெகுநாள் கைப்பழக்கத்தில் அப்படியேதான் எழுதினார். ஓடுகிற பஸ்ஸில் அந்த வளைவைப் பார்த்தால் இன்னொரு சுழி மாதிரிதான் இருக்கும்.

காவிரிக்கரை:
வளைவுக்கும் சுழிக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? ஓடுகிற பஸ் இல்லை, ஸ்டாண்டில் நின்ற பஸ். மூன்று சுழி.

தகடூரான்:
நின்ற பஸ்ஸோ படுத்த பஸ்ஸோ, 2022-ல் சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் இதைச் சோதித்தே காட்டிவிட்டார்கள். பிரபலமான 40 உருவங்களில் 7-ஐ ஆட்கள் ஒரே மாதிரித் தப்பாக நினைவில் வைத்திருந்தார்கள். போகிமான் கார்ட்டூனில் வரும் மஞ்சள் பிகாச்சு பொம்மையின் வால் நுனியில் கறுப்பே இல்லை. இருப்பதாகச் சாதித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களும் நின்ற பஸ்ஸில்தான் பார்த்தார்களோ?

காவிரிக்கரை:
ஏன் அந்த ஏழு மட்டும் என்பதற்கு அவர்களாலேயே ஒரே காரணம் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. மூன்று சுழி.

சைன்போர்டு:
2010 இடைத்தேர்தலில் சுவர் சுவராகப் பென்னாகரம் என்று எழுதினார்கள். யாரிடமாவது அந்தப் போட்டோ இருந்தால் போடுங்கள், முடிந்தது.

காவிரிக்கரை:
போட்டோவும் மாறியிருக்கும்.

தகடூரான்:
அது சரி! எல்லாம் மாறும், உங்கள் மூளை மட்டும் மாறாது. ஸ்கூலில் டிக்டேஷனுக்கு எத்தனை மார்க் வாங்கினீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.

காவிரிக்கரை:
உங்களைவிட அதிகம். டிக்டேஷனிலும் மூன்று சுழிதான் போட்டேன், வாத்தியார் சரி போட்டார்.

தகடூரான்:
அந்த வாத்தியார் எந்த உலகத்து வாத்தியார்?

மாந்தோப்பு:
அணை விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.