காது குத்திய இடத்தில் தழும்பு உருண்டு வளர்கிறது, வெட்டலாமா?

செந்தூல்_அம்மா:
வணக்கம். என் மகளுக்கு 17 வயது. காது மடலின் மேல்பக்கம் இரண்டாவதாக ஓர் ஓட்டை குத்திக்கொண்டாள். புண் ஆறி நன்றாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்து அதே இடத்தில் சின்ன முண்டு கிளம்பி, இப்போது கொண்டைக்கடலை அளவு வந்துவிட்டது. அரிக்கிறதாம். அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. பள்ளியில் முடியைக் கட்டித்தான் ஆக வேண்டும், எல்லார் கண்ணும் காதில்தான் என்று அழுகிறாள். குத்திய அழகு நிலையத்திலேயே வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார்கள். மாமியார் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போதும் என்கிறார். என்ன செய்யட்டும்?

பட்டர்வொர்த்_தாதி:
தங்கச்சி, அங்கே வெட்ட மட்டும் விடாதீர்கள். தோல் கிளினிக்கில் பல வருஷம் தாதியாக இருந்தவள் நான். வெட்டிய இடத்தில் முன்பைவிடப் பெரிதாக வளர்ந்து, அழுதுகொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொல்வது கீலாய்டு மாதிரி இருக்கிறது. மருத்துவர் தொட்டுப் பார்த்துத்தான் உறுதி சொல்வார். சாதாரணத் தடித்த தழும்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும், நாளாக ஆகத் தணியும். கீலாய்டு எல்லை தாண்டிப் படரும், தானாக வற்றுவது அரிது. காயத்தை மூட உடம்பு உண்டாக்கும் கொலாஜன், புண் ஆறிய பிறகும் நிற்காமல் சேர்ந்துகொண்டே போகிறது. வெட்டினால் அது இன்னொரு காயம். வெட்டோடு விட்டுவிட்டால் பாதிப் பேருக்காவது திரும்பி வரும். நம்மைப் போலக் கறுத்த தோலுக்கும் இளவயதுக்கும் இது அதிகம். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் முதலில் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள்ளேயே போடுவார்கள், 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை. வலிக்கும், பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரிப்பு குறையும், அப்புறம் மெல்லத் தட்டையாகும். சுற்றியுள்ள தோல் கொஞ்சம் வெளுக்கலாம். பெரிதாக இருந்து வெட்டினாலும், கூடவே ஊசியோ அழுத்தும் கம்மலோ கட்டாயம் வேண்டும்.

மஞ்சள் எண்ணெயால் இது கரையாது. மாமியார் மனம் நோகாமல் சொல்லுங்கள்.

செராஸ்_குமார்:
அக்கா சொன்னது சரி. எனக்கு நெஞ்சில் முகப்பரு ஆறிய இடத்தில் வந்தது. ஊசியோடு, தழும்பின் மேல் ஒட்டும் மெல்லிய சிலிகோன் ஷீட்டும் ஒட்டச் சொன்னார்கள், நாளுக்கு 12 மணி நேரமாவது, மாதக்கணக்கில். நம் ஊர் வெயிலில் வியர்த்து நழுவும், கழுவிக் காயவைத்து மறுபடி ஒட்ட வேண்டும். பொறுமைதான் பெரிய செலவு. முதலில் கிளினிக் கெசிஹாத்தான் (மலேசிய அரசு சுகாதார நிலையம்) போய், தோல் நிபுணரைப் பார்க்கக் கடிதம் வாங்குங்கள், 1 ரிங்கிட்தான். அரசு மருத்துவமனையில் தோல் நிபுணருக்கும் கட்டணம் குறைவுதான். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் தழும்பு கிரீம் பக்கமே போகாதீர்கள். டப்பாவில் ‘நோட்’ (NOT) என்று தொடங்கும் அரசின் அறிவிப்பு எண் இல்லாததைத் தொடவே வேண்டாம், பாதரசம் கலந்த கிரீம்கள் பிடிபட்டிருக்கின்றன.

செந்தூல்_அம்மா:
ரொம்ப நன்றி. திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போகிறோம். என் தம்பிக்கும் தோளில் இப்படி ஒன்று இருக்கிறது, இப்போதுதான் நினைவு வருகிறது. இன்னொரு கேள்வி: மற்றக் காதிலும் குத்திக்கொள்ள ஆசைப்படுகிறாள்.

பட்டர்வொர்த்_தாதி:
வேண்டாம் தங்கச்சி. பச்சை குத்துவதும் வேண்டாம். தம்பி விஷயத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.