கருவள மாதிரியும் குவாண்டமும்: பௌதிகவியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். குடித்தொகை ஆய்வாளர் பொங்கார்ட்ஸ் 1978இல் முன்வைத்த கருவள மாதிரி, ஒரு பெண் பெறக்கூடிய சராசரி 15.3 பிள்ளைகளில் தொடங்கி, திருமணம், கருத்தடை, கருக்கலைப்பு, தாய்ப்பாலூட்டல் என்னும் நான்கு சுட்டெண்களால் (ஒவ்வொன்றும் 0 முதல் 1 வரையான எண்) அதைப் பெருக்கிக் குறைக்கிறது. தாய் பாலூட்டும் மாதங்கள்கூட அங்கே கணக்கில் வருகின்றன! அருமையான மாதிரி. ஆனால் அது கூட்டத்தின் சராசரியையே சொல்லும். தனியொரு தம்பதியைப் பற்றிச் சொல்லாது.

ஒரு கதிரியக்க அணு எப்போது சிதையும் என்று குவாண்டம் பௌதிகவியலும் சொல்வதில்லை, நிகழ்தகவையே தருகிறது. இவ்விரு நிகழ்தகவுகளும் ஒரே வகையா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி, அரைகுறைப் பதில் சொல்ல மனமில்லை. குவாண்டம் நிகழ்தகவுக்குப் பின்னால் நாம் அறியாத உள்ளூர்க் காரணிகள் ஒளிந்திருக்க முடியுமா என்பது பற்றிப் பௌதிகவியலாளர் பெல் 1964இல் நிறுவிய தேற்றத்தை அதிகக் கணிதமின்றி விளக்கக்கூடியவர்கள், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மாலை வகுப்புக்கு வர முடியுமா? தமிழில் எழுதிய குறிப்பு இருந்தாலும் அனுப்புங்கள்.