பேஸ் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது, கெப்பாசிட்டர் போடலாமா?

யீஷூன்காரன்:
வணக்கம். என்னுடையது 1.5 லிட்டர் பழைய செடான். சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வேண்டிய சிஓஇ சான்றிதழ் முடிய இன்னும் நாலு வருஷம் இருக்கிறது, விற்கிற எண்ணம் இல்லை. அதனால் போன மாதம் ஒரு கடையில் 12 இன்ச் சப்வூஃபரும் (பேஸ் ஸ்பீக்கர்), அதை ஓட்ட 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தருகிற சக்தி) கிளாஸ் டி ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபயர்) போட்டேன். சத்தம் அருமை, குறை சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி சிக்னலில் நிற்கும்போது தவில் அடி விழுகிற ஒவ்வொரு தடவையும் டேஷ்போர்டும் ஹெட்லைட்டும் மங்கி மங்கி எரிகின்றன. பிஐஇ எக்ஸ்பிரஸ்வேயில் ஓடும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. அப்புறம் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் 'ஙொய்'யென்று கொசு மாதிரி ஒரு சத்தம், மிதிக்க மிதிக்க அதுவும் ஏறுகிறது. கடைக்காரர், மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சட்டென்று கொடுக்கிற 1 ஃபாரட் கெப்பாசிட்டர் போடச் சொல்கிறார், இல்லையென்றால் பெரிய பேட்டரியாம். இப்போதிருக்கும் பேட்டரி மாற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என்ன செய்யலாம்?

பழைய வயர்மேன்:
தம்பி, பர்ஸை உள்ளே வையுங்கள். முதலில் கணக்கு. 500 வாட் வெளியே வர வேண்டுமென்றால், கிளாஸ் டி ஆம்ப் சுமார் 80 சதவீதம் திறன் என்று வைத்துக்கொண்டால், 625 வாட் உள்ளே போக வேண்டும். 13.8 வோல்ட்டில் அது 45 ஆம்பியர். எஞ்சின் சுற்றச் சுற்ற மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டர் உங்கள் மாதிரி காரில் 80, 90 ஆம்பியர் இருக்கும், ஆனால் அது எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது தருகிற கணக்கு. வண்டி நின்று எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலில் பாதிகூட வராமல் போகலாம். அதில்தான் நம்ம ஊர் வெயிலுக்கு ஏர்கானும் ஃபேனும் ஓட வேண்டும். சிக்னலில் மங்குவதும் எக்ஸ்பிரஸ்வேயில் சரியாவதும் அதனால்தான்.

கெப்பாசிட்டரா? 1 ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்போது தருவது 26 ஜூல். உங்கள் ஆம்ப் அதை ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் குடித்துவிடும். அப்புறம் அதைத் திரும்ப நிரப்புவதும் அதே ஆல்டர்னேட்டர்தான். கெப்பாசிட்டரில் நீல விளக்கு எரியும், பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

மல்டிமீட்டர் இருக்கிறதா? பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஆம்ப் பிளஸ்ஸுக்கும் நடுவே ஒரு முறை, ஆம்ப் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே ஒரு முறை, பேஸ் அடிக்கும்போது எத்தனை வோல்ட் வயரிலேயே வீணாகிறது என்று அளந்து போடுங்கள். வயர் எத்தனை கேஜ் (எண் குறையக் குறைய வயர் தடிமன்), செம்பா அல்லது செம்பு பூசிய அலுமினியமா என்றும் பாருங்கள்.

தோபாயோ மீனா:
வயர்மேன் அண்ணன் சொன்னதோடு ஒன்று: பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆம்ப்பில் இருக்கிற ஃபியூஸ் ஆம்ப்பைத்தான் காக்கும், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கிற ஃபயர்வால் தகரத்தில் உரசி வயர் ஷார்ட் ஆனால் அது தடுக்காது, வயரே எரியும். இதில் அலட்சியம் வேண்டாம்.

அந்தக் கொசுச் சத்தம் ஆல்டர்னேட்டருடையது. எர்த் (ஆம்ப்பின் மைனஸ் வயர் கார் பாடியில் சேருகிற இடம்) சரியில்லை, அல்லது பாட்டு சிக்னல் வருகிற ஆர்சிஏ வயரும் பவர் வயரும் ஒரே பக்கமாக ஒட்டிப் போகின்றன. எனக்கென்னவோ இரண்டு தொல்லைக்கும் காரணம் எர்த்தாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. சோதனையை மல்டிஸ்டோரி கார்பார்க்கில் வைத்துக்கொள்ளாதீர்கள். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவதே இங்கே குற்றம், மேலே சப்வூஃபர் சத்தம் வேறு. ஏதாவது வொர்க்‌ஷாப்பில் கேட்டுச் செய்யுங்கள்.

யீஷூன்காரன்:
நன்றி அண்ணே, நன்றி மீனா. நண்பனின் வொர்க்‌ஷாப்பில் அளந்தோம். பிளஸ் பக்கம் 0.6, மைனஸ் பக்கம் 1.2 வோல்ட். வயர் 8 கேஜ், சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது. ஃபியூஸ் இருக்கிறது, நல்ல வேளை. எர்த் வயரைப் பின்னால் டிக்கியில், பெயின்ட் மேலேயே ஒரு சின்ன தகர ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள், கையால் அசைத்தால் ஆடுகிறது.

பழைய வயர்மேன்:
ஆள் அகப்பட்டுவிட்டான். இரண்டும் சேர்த்து 1.8 வோல்ட் வழியிலேயே போகிறது, அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது. தடிமனான பாடி தகரத்தில் பெயின்ட்டைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேயுங்கள், 8 எம்எம் போல்ட், பல் வாஷர், மேலே துரு பிடிக்காமல் கிரீஸ். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். வயர் இரண்டு பக்கமும் 4 கேஜ் முழுச் செம்பு. எஞ்சின், பாடி, பேட்டரி மைனஸ் இவற்றை இணைக்கிற வயரையும் அப்படியே தடிமனாக்கலாம். பேட்டரி மைனஸில் சென்சார் இருக்கிற வண்டியென்றால் எர்த்தை நேராக அந்த முனையில் மாட்டாமல் பாடியில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் சார்ஜிங் கணக்கு குழம்பும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐடிலில் லேசாக மங்கினால் அது ஆல்டர்னேட்டரின் எல்லை. ஆம்ப்பில் இருக்கிற கெயினைக் கொஞ்சம் இறக்குங்கள். ஆல்டர்னேட்டர் மாற்றுவதெல்லாம் இந்த ஆம்ப்புக்கு வேண்டாத செலவு.

யீஷூன்காரன்:
சனிக்கிழமை எர்த் மட்டும் மாற்றினேன். கொசுச் சத்தம் போயே போய்விட்டது. மங்கல் பாதி குறைந்திருக்கிறது, மைனஸ் பக்கம் இப்போது 0.1. செம்பு வயருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

தோபாயோ மீனா:
4 கேஜ் போடும்போது முன்னால் இருக்கிற ஃபியூஸ் ஹோல்டரையும் சேர்த்து மாற்றுங்கள், 8 கேஜ் ஹோல்டரில் அந்த வயர் நுழையாது. அப்புறம் கடைக்காரர்கள் வழக்கமாகச் செய்கிற வேலை ஒன்று, இழைகளைப் பாதி வெட்டிவிட்டு நுழைப்பார்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள்.