ஏற இறங்கப் பார்த்த கடைகள்: உங்கள் அனுபவம் என்ன?

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்:

தங்கை கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனது 2022 ஆனி மாதம். ஆடி பிறந்துவிட்டால் வீட்டில் எடுக்க விடமாட்டார்கள், அதனால் அவசரம். காலையில் மாங்கூழ் ஆலைக்குப் பெங்களூரா மாங்காய் லோடு ஏற்றிவிட்டு அப்பா அப்படியே வந்து பைக்கில் உட்கார்ந்துவிட்டார். சட்டையை மட்டும் மாற்றினார். கையை மாற்ற முடியாதே. காம்பு ஒடியும்போது பீய்ச்சுகிற பால் பட்ட இடமெல்லாம் கருத்துப்போகும். சோப்புக்கு அது அசையாது. தோல் உரிந்தால்தான் போகும்.

வாசலில் நின்றவர் பார்த்ததுமே "கொலுசு கீழேங்கண்ணா" என்றார். நாங்கள் கொலுசே கேட்கவில்லை. ஆரம் பார்க்கணும் என்றேன். சரி என்று மேலே அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண் "லைட் வெயிட்ல காட்டட்டுமா?" என்றுதான் ஆரம்பித்தார்.

அப்பா கண்ணாடி மேல் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தார். உள்ளே ஒரு மாங்காய் மாலை. "இது நம்ம காய்தான்டா" என்று சிரித்தார். அப்போதுதான் அந்தப் பெண் ஒரு மஞ்சள் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அப்பாவின் கை அங்கேயே இருக்கிறது. துணி அந்தக் கையைச் சுற்றிச் சுற்றி வந்தது. கை எடுக்கும்வரை நிற்கவில்லை.

அப்பா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெளியே வரும்வரை அதை மேலே எடுக்கவே இல்லை. அங்கே எதுவும் வாங்கவில்லை. பத்துப் பவுனும் தர்மபுரியில் எடுத்தோம்.

கூடுக்காரன், பாலக்கோடு பக்கம்:

நகைக்கடையாவது பரவாயில்லை தம்பி. நான் போனது ஃப்ரிட்ஜ் வாங்க. தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டில் கூடு போட்டுவிட்டு, ஏலம் முடிந்து நேராகப் போனேன். புழு வளர்க்கிறவன் மேல் ஒரு வாசம் இருக்கும், மறுக்கவில்லை. மல்பெரித் தழையும் புழு எச்சமும் கலந்த வாசம். எங்களுக்கு அது தெரியாது, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குத் தெரியும்.

வாசலில் ஒரு பையன். என் காலைப் பார்த்தான். "செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க." விட்டேன். உள்ளே போனால் ஒரு குடும்பமே ஷூவோடு நின்று வாஷிங் மெஷின் பார்க்கிறது. வெறுங்காலோடு அந்த ஏசித் தரையில் நின்றேன் பாருங்கள், அந்தச் சில்லிப்பு இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது.

வெளியே வந்தால் இடது கால் செருப்பைக் காணோம். நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று அதே பையன் சொன்னான்.

இதில் எனக்கே கடுப்பு என்னவென்றால், ஃப்ரிட்ஜை அங்கேயேதான் வாங்கினேன். வீட்டுக்காரிக்கு அந்தக் கலர் பிடித்துவிட்டது.

ஓய்வுபெற்ற கணக்கர், ஓசூர்:

எனக்கும் ஒருமுறை வேட்டியில் போனபோது நாற்காலி தரவில்லை. அது போகட்டும். மாந்தோப்புத் தம்பிக்குச் சில விஷயங்கள். நகை வாங்கும்போது உணர்ச்சிவசப்படக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகப் பொறிக்கும் ஆறு இலக்க எச்யூஐடி எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. அந்த ஆறும் எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும், லென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஹால்மார்க் தரும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் நகையின் தூய்மை வரும். 22 காரட்டுக்கு 916 என்று இருக்க வேண்டும். கல் வைத்த நகை என்றால் கல் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும், இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சேதாரம் எத்தனை சதவீதம் என்று முதலில் கேளுங்கள், டிசைனைப் பிறகு பாருங்கள். மேலே 3 சதவீத ஜிஎஸ்டி. ரொக்கமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ கடைக்காரர் வாங்கக் கூடாது, மாங்காய் விற்ற பணம் என்றாலும் சட்டம் ஒன்றுதான். இரண்டு லட்சத்தைத் தாண்டினால் பான் எண் கேட்பார்கள், அதை அவமானமாக நினைக்க வேண்டாம். பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். பழைய நகையைக் கொடுத்து மாற்றுவதாக இருந்தால் அது தனிக் கணக்கு, அதைப் பிறகு எழுதுகிறேன்.

கூடுக்காரன்:

ஐயா, கல்யாணம் முடிந்து அந்தத் தங்கச்சிக்குக் குழந்தையே பிறந்திருக்கும்.

ஜீன்ஸ் பேரன், பர்கூர்:

எனக்கு நடந்தது தலைகீழ். பெங்களூருவில் வேலை. லீவுக்கு வந்தபோது தாத்தாவோடு போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனேன். நாட்டுக்கோழி விலை கேட்டேன். அந்த அம்மா என் ஷூவைப் பார்த்தார், கையில் இருந்த வாட்சைப் பார்த்தார், அப்புறம் விலை சொன்னார். நான் ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்துத் தாத்தா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போய் அதே கோழியைக் கேட்டார். இருநூறு ரூபாய் குறைவு.

ஆளைப் பார்த்து எடை போடுவது பெரிய கடைக்காரர்கள் மட்டும்தானா என்ன.

முன்னாள் சேல்ஸ் கேர்ள், தர்மபுரி:

எல்லாவற்றையும் படித்தேன். ஆறு வருஷம் ஜவுளிக்கடையில் நின்றவள் நான். நின்றவள் என்றால் நிஜமாகவே நின்றவள், காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டமே வந்தது. எங்கள் செக்‌ஷனுக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. அதன் மேல் பில் புக் அடுக்கி வைத்தார்கள்.

தம்பி, கண்ணாடியைத் துடைத்தது தப்பு என்கிறீர்கள். கைரேகை தெரிந்தால் சூப்பர்வைசர் யாரைக் கேட்பார்? அந்தப் பெண்ணைத்தான். மேலே கேமரா இருக்கும், அதற்குப் பின்னால் முதலாளியின் மச்சான் இருப்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது: செருப்பைப் பார், பையைப் பார், தாலிச் சரடைப் பார். மஞ்சள் பை கீழ்த்தளம், தோல் பை மேல்தளம். இதை நாங்கள் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வரவில்லை.

ஆனாலும் ஒன்று எனக்கும் உறுத்துகிறது. சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். கையெல்லாம் பச்சை குத்தியிருந்தது. விலையைக் கேட்டுச் சங்கடப்படக் கூடாதே என்று, பாவம் பார்த்துத்தான், முந்நூறு ரூபாய்ச் சேலையாக எடுத்துப் போட்டேன். பாட்டி மேலே இருந்த அடுக்கைக் காட்டினார். "அது விலை ஜாஸ்தி பாட்டி" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "விலைய நீ சொல்லு. வேணுமா வேணாமான்னு நான் சொல்றேன்." எடுத்துக் காட்டினேன். தொட்டுப் பார்த்தார், விரித்துப் பார்த்தார், மடிப்பு கலையாமல் என்னிடமே கொடுத்துவிட்டு எதுவும் வாங்காமல் போய்விட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே எல்லோரும் எங்களிடம் காசு இருந்தது, தெரியாமல் மட்டமாக நினைத்துவிட்டார்கள் என்றுதான் எழுதுகிறீர்கள். காசு இல்லாமல் சும்மா பார்க்க வந்திருந்தால் கையைச் சுற்றித் துடைக்கலாமா?

ஓய்வுபெற்ற கணக்கர், ஓசூர்:

நல்ல கேள்வி. ஆனால் வாங்கும் எண்ணம் இல்லாமல் கூட்ட நேரத்தில் கடைக்குப் போவதைத் தவிர்ப்பது இரு தரப்புக்கும் நல்லது. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டம் குறைவு.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்:

அக்கா, கைரேகையைத் துடைக்கட்டும். கை இருக்கும்போதே துடைத்ததுதான் என் வருத்தம். ஆனால் நீங்கள் கடைசியாகக் கேட்டது ரெண்டு நாளாக மண்டையில் ஓடுகிறது. முதலில் எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன்.

அப்பா கையை மடியில் வைத்ததும் எனக்குச் சூடு ஏறிவிட்டது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். போனில் பேங்க் செயலியைத் திறந்து, மீதி இருந்த தொகையை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். அவர் உடனே "சார், உட்காருங்க சார்" என்றார். ரெண்டு டம்ளரில் ரோஸ் மில்க் வந்தது. மாங்காய் மாலை வெல்வெட் தட்டில் வந்தது. அந்தப் பெண் துணியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஓரமாக நின்றார், இருபது வயசு இருக்கும்.

அப்பா ரோஸ் மில்க்கைத் தொடவில்லை. "எழுந்திரு" என்று என்னிடம்தான் சொன்னார். கீழே வந்து பைக்கில் ஏறும்போது "அத எதுக்குடா காட்டின?" என்று கேட்டார். தர்மபுரி வரைக்கும் வேறு எதுவும் பேசவில்லை.

அதற்கப்புறம் சீசன் நாளில் டவுனுக்குக் கிளம்புகிறார் என்றால் அரை மணி நேரம் முன்னாலேயே திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, தேங்காய் நாரால் விரல் விரலாகத் தேய்ப்பார். நேற்று ரேஷன் கடைக்குப் போகும்போதுகூடத் தேய்த்துக்கொண்டிருந்தார்.