டிரெஸ்டன், ஹாம்பர்க் குண்டுவீச்சு நியாயமா: வாதத்தில் எதிர்ப்பட்டவை

பழையதாள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நகரங்கள் மீது பிரிட்டன் நடத்திய இரவுக் குண்டுவீச்சு சரியா தவறா என்று வகுப்பிலோ வாசகர் கூட்டத்திலோ பேச்சு எடுத்தால், பத்து நிமிடத்தில் கைகலப்பு வராத குறைதான். அங்கே அடிக்கடி என்ன வாதம் வருகிறது, எது எங்கே சறுக்குகிறது என்பதை இங்கே போடுவோம். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்.

முதல் சறுக்கல் டிரெஸ்டனில் செத்தவர் கணக்கு. யாராவது ஒருவர் கட்டாயம் “2 லட்சம்” என்பார். அந்த எண் பிறந்த கதை தெரிந்த விஷயம். தாக்குதல் நடந்தது 1945 பிப்ரவரி 13 முதல் 15 வரை. மார்ச்சில் அந்த ஊர் போலீஸ் தயாரித்த ‘நாள் உத்தரவு 47’ அதுவரை கண்டெடுத்த சடலங்கள் 20,204 என்றது. மொத்தம் 25,000 வரை போகலாம் என்றும் சொன்னது. இரண்டுக்கும் வாலில் ஒரு சைபர் ஒட்டி 2,02,040 என்றும் 2,50,000 என்றும் பிரச்சாரத்தில் உலவவிட்டார்கள். அசல் தாள் 1960களில் வெளிவந்தபோதுதான் குட்டு உடைந்தது. பிறகு 2004-இல் நகர நிர்வாகம் ஒரு வரலாற்றாளர் குழுவை அமைத்தது. கல்லறைப் பதிவேடு, இறப்புப் பதிவு எல்லாவற்றையும் சலித்து, 2010-இல் அதிகபட்சம் 25,000 என்று அது முடித்தது. “மீதிப் பேர் சாம்பலாகிவிட்டார்கள், எப்படி எண்ணுவது?” என்று கேட்பவர்களுக்கு: ஆல்ட்மார்க்ட் சதுக்கத்தில் தண்டவாளக் கம்பி அடுக்கி எரித்த உடல்களுக்கும் கணக்கு இருக்கிறது, 6,865.

உடனே, “25,000 என்றால் பரவாயில்லையா?” என்பார்கள். பரவாயில்லை என்று யார் சொன்னது? பொய் எண்ணின் மேல் நியாயத்தை ஏற்றி வைத்தால், எண் போகும்போது நியாயமும் கூடவே போகும். பிப்ரவரி 13 தோறும் அங்கே ஊர்வலம் கிளப்பப் பார்க்கும் நவ நாஜிகள் பிடித்துத் தொங்குவது அந்தச் சைபரைத்தான்.

கம்பிவேலி

அடுத்த சறுக்கல்: “தொழிற்சாலையைக் குறிவைத்தார்கள், தவறிப்போய் வீடுகளில் விழுந்தது.” 1942 பிப்ரவரிக்கு முன் இது ஓரளவு உண்மை. அதற்குப் பின் இல்லை.

1941 ஆகஸ்டில் பட் என்ற அதிகாரி, குண்டு போட்ட கணத்தில் விமானங்கள் எடுத்த படங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார். இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு 5 மைல் தூரத்துக்குள் போயிருந்தது. புகை மூடிய ரூர் தொழில் பகுதியில் பத்தில் ஒன்று. பகலில் போனால் சுட்டு வீழ்த்துகிறார்கள், இரவில் போனால் ஆலை தெரிவதில்லை. இரவில் கண்ணுக்குச் சிக்குவது முழு ஊர்தான் என்றதும் ஊரையே இலக்காக்கினார்கள். 1942 பிப்ரவரி 14 தேதியிட்ட ஆணை, எதிரி மக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின் மன உறுதியைக் குறிவைக்கச் சொன்னது. மறுநாளே விமானப்படைத் தலைவர் போர்ட்டல் ஒரு குறிப்பு எழுதித் தெளிவுபடுத்தினார்: குறிப்புள்ளிகள் (குண்டுக்குக் குறிவைக்கும் இடங்கள்) குடியிருப்பு அடர்ந்த பகுதிகள், கப்பல் துறையோ விமான ஆலையோ அல்ல. அடுத்த வாரம்தான் ஆர்தர் ஹாரிஸ் குண்டுவீச்சுப் படையின் தலைவராகப் பொறுப்புக்கு வந்தார். “எல்லாம் ஹாரிஸ் செய்தது” என்று பழியை ஒரே தலையில் கட்டுபவர்கள் இந்தத் தேதிகளைப் பார்ப்பதில்லை.

நோக்கம் புரியவில்லையென்றால் விமானத்தில் ஏற்றிய சரக்கைப் பாருங்கள். ‘குக்கி’ என்று அழைத்த 4,000 பவுண்டு குண்டுக்கு உறை மெலிசு, உள்ளே பெரும்பகுதி வெடிமருந்துதான். தரையைத் துளைக்காது, காற்றழுத்தத்தால் தெரு முழுக்கக் கூரையைக் கிளப்பி ஜன்னல்களை உடைக்கும். திறந்த கூரை வழியாக 4 பவுண்டு எடையுள்ள மெக்னீசிய எரிகுச்சிகள் ஆயிரக்கணக்கில் விழும். உடைந்த ஜன்னல் தீக்குக் காற்று கொடுக்கும். இடையிடையே தாமதமாக வெடிப்பவை சிலவற்றையும் கலப்பது தீயணைப்பு ஆட்களை நெருங்கவிடாமல் செய்ய. டிரெஸ்டனில் பிரிட்டிஷ் விமானங்கள் போட்டது 1,478 டன் வெடிகுண்டு, 1,182 டன் எரிகுண்டு. ஆலை இயந்திரத்தை உடைக்க இந்தக் கலவை தேவையில்லை.

இன்னொன்று. விமானிகள் பயத்தில் குண்டை ஒரு நொடி முன்னதாக விடுவார்கள். பின்னால் வருபவர் அந்தத் தீயைப் பார்த்து இன்னும் முன்னதாக விடுவார். இப்படிக் குண்டு வரிசை குறிப்புள்ளியிலிருந்து வந்த வழியே பின்வாங்கிக்கொண்டே போகும். இதைத் தடுக்க முடியாமல் போகவே, அந்தப் பின்னிழுப்பு குடியிருப்புகள் மேல் விழும்படி குறிப்புள்ளியையும் வரும் திசையையும் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். பிழையையே திட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள் என்பதை வாதத்தில் பெரும்பாலும் யாரும் எடுப்பதே இல்லை.

ஹாம்பர்க்கில் 1943 ஜூலை 27 இரவு தீப்புயல் மூண்டதற்குக் காரணம் பல நாள் வெயில், வறண்ட காற்று, கிழக்குப் பகுதியின் நெருக்கமான அடுக்குக் குடியிருப்பு. தீயணைப்பு வண்டிகளோ முந்தைய தாக்குதலின் தீயோடு நகரின் மேற்கே மாட்டிக்கொண்டிருந்தன. நிலவறைக்குள் ஒளிந்தவர்களில் பலர் தீக்காயமே இல்லாமல் கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். பதுங்கு அறை காப்பாற்றும் என்ற கணக்கு அங்கே தலைகீழானது. அந்த வார, பத்து நாள் தாக்குதல்களில் செத்தவர்கள் 35,000-க்கும் 40,000-க்கும் இடையில் என்பது பரவலான மதிப்பீடு.

நாலாம்வரிசை

“அன்று யாருமே எதிர்க்கவில்லை, இன்று சோபாவில் உட்கார்ந்து நியாயம் பேசுகிறோம்” என்பது அடுத்து வரும். தவறு. ரிச்சர்ட் ஸ்டோக்ஸ் தொழிற்கட்சி எம்.பி., முதல் உலகப் போரில் வீரப் பதக்கம் வாங்கியவர். 1943 மார்ச்சிலேயே, “ராணுவ இலக்கை விட்டுவிட்டு ஊரைத் தாக்கச் சொல்லியிருக்கிறீர்களா?” என்று காமன்ஸ் சபையில் கேட்டார். விமானத் துறை அமைச்சர் சின்க்ளேர், இலக்குகள் எப்போதும் ராணுவ இலக்குகளே என்றார். மேலே கம்பிவேலி சொன்ன பிப்ரவரி ஆணை அப்போது ஒரு வருடம் பழையது.

சிச்செஸ்டர் பிஷப் ஜார்ஜ் பெல் 1944 பிப்ரவரி 9 அன்று பிரபுக்கள் சபையில் பேசினார். “சாமியார் பேச்சு, சமாதானவாதி” என்று அவரைத் தள்ளிவிடுவார்கள். அவர் போரே கூடாது என்றவர் அல்ல. நாஜி எதிர்ப்பாளர் போன்ஹோஃபரின் நண்பர். 1942-இல் ஸ்வீடனில் அவரைச் சந்தித்து, ஹிட்லருக்கு எதிராகச் சதி செய்பவர்களின் விவரத்தை லண்டனுக்குக் கொண்டுவந்தவர். ஆலை, ரயில் சந்திப்பு ஆகியவற்றைத் தாக்கும்போது சுற்றிலும் மக்கள் சாவதை அவர் ஏற்றுக்கொண்டார். ஓர் ஊரின் சில பகுதிகளில் ஆலை இருப்பதால் ஊர் முழுவதையும் அழிப்பதில், நோக்கத்துக்கும் வழிக்கும் இடையே அளவே இல்லாமல் போகிறது என்றுதான் வாதாடினார். அவரை மறுப்பவர்கள் இந்த இடத்தில்தான் மறுக்க வேண்டும். பெரும்பாலோர் அவர் சொல்லாத ஒன்றை மறுத்துவிட்டுப் போவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அரசு பூசி மெழுகுவதை ஹாரிசும் எதிர்த்தார். 1943 அக்டோபரில், நோக்கம் ஜெர்மன் நகரங்களை அழிப்பதும் தொழிலாளர்களைக் கொல்வதும்தான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள் என அமைச்சகத்துக்கு எழுதினார். என்ன நடக்கிறது என்ற விஷயத்தில் பெல்லும் ஹாரிசும் ஒரே பக்கம். நடுவில் நின்று மழுப்பியது அமைச்சகம். அன்றைய வாதத்தின் பாதி, நியாயம் பற்றியது அல்ல. என்ன செய்கிறோம் என்று மக்களுக்குச் சொல்லாததால் வந்த வாதம்.

“குண்டு வாங்கியவனுக்குத்தான் பழிவாங்கும் வெறி இருக்கும்” என்பதும் அவ்வளவு சுலபமில்லை. 1941-இல் பிரிட்டனில் எடுத்த கருத்துக் கணிப்பில், குண்டே விழாத வடக்கு மாவட்டங்களில் முக்கால்வாசிப் பேர் பதிலடி வேண்டும் என்றார்கள். அடிவாங்கிய மத்திய லண்டனில் ஆதரவு பாதியை ஒட்டித்தான் நின்றது.

குறுக்குச்சால்

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், எதிர்ப்பக்கத்தை நான் வைக்கிறேன்.

வார்சாவையும் ராட்டர்டாமையும் காவென்ட்ரியையும் யார் முதலில் தாக்கியது என்பதை விடுங்கள். அது பழிவாங்கல் வாதம், பலவீனமானது. வலுவான வாதம் வேறு. 1942, 43-இல் மேற்கே தரைப்படை இல்லை. ஸ்டாலின் இரண்டாம் போர்முனை எங்கே என்று நச்சரிக்கிறார். ஜெர்மனியைத் தொடக்கூடிய ஒரே கை விமானம். அந்தத் தாக்குதலால் கிழக்கே டாங்கிகளைச் சுட்டிருக்க வேண்டிய 88 மில்லிமீட்டர் பீரங்கிகளும் போர் விமானங்களும் ஜெர்மன் நகரங்களைக் காக்கத் திரும்பின. ஹாம்பர்க்குக்குப் பின், இன்னும் ஆறு நகரம் இப்படிப் போனால் ஆயுத உற்பத்தி நின்றுவிடும் என்று ஜெர்மன் ஆயுத அமைச்சர் ஷ்பேர் தானே ஹிட்லரிடம் சொன்னார். போனவர்களும் பத்திரமாகத் திரும்பவில்லை: சுமார் 1,25,000 விமானக் குழுவினரில் 55,573 பேர் செத்தார்கள்.

டிரெஸ்டனிலேயே விக்டர் கிளெம்பரர் இருந்தார், யூதர். ஊரில் மிஞ்சியிருந்த யூதர்களை முகாமுக்கு அனுப்புவதற்கான உத்தரவுகளை அந்த பிப்ரவரி 13 அன்று பகலில் வீடுவீடாகக் கொடுத்துவிட்டு வந்தார். இரவு குண்டு விழுந்தது. யூதர் என்று காட்ட அணிந்தே ஆக வேண்டிய மஞ்சள் நட்சத்திரத்தை அவர் மனைவி கோட்டிலிருந்து கிழித்தெடுத்தார்; அவர் கூட்டத்தோடு தப்பினார். இதை வைத்துக் குண்டுவீச்சை நியாயப்படுத்த முடியாது. அவரை விட்டுவிட்டு டிரெஸ்டனைப் பேசவும் முடியாது.

நான் ஒப்புக்கொள்வது ஒன்று: இந்த வாதத்துக்குக் காலாவதி தேதி உண்டு. 1944 இலையுதிர் காலத்தில் நேசப்படை ஜெர்மன் எல்லையைத் தொட்டுவிட்டது. எண்ணெய் ஆலைகளைத் தாக்கினால் ஜெர்மன் படை நின்ற இடத்தில் நிற்கும் என்று தெரிந்து, மேலிடம் அதையே முதல் இலக்காக வைத்தது. ஹாரிஸ் நகரங்களை விட மனமில்லாமல் போர்ட்டலோடு மாதக்கணக்கில் கடித யுத்தம் நடத்தினார். 1945 பிப்ரவரி 23 அன்று ஃபோர்ட்ஸ்ஹைமில் ஒரே இரவில் சுமார் 17,600 பேர் செத்ததை 1942-இன் நிர்ப்பந்தத்தைச் சொல்லி மூட முடியாது. வாதம் தொடங்கும்போதே எந்த ஆண்டைப் பேசுகிறோம் என்று கேட்டுக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

பழையதாள்

குறுக்குச்சாலுக்கு ஒரு துணைக் குறிப்பு. “சர்ச்சிலே இதைப் பயங்கரவாதம் என்றார்” என்று ஒரு வரியை எடுத்துப் போடுவார்கள். 1945 மார்ச் 28 குறிப்பில் அப்படி எழுதியது உண்மை. விமானப்படைத் தலைமை கொதித்ததும் அதைத் திரும்பப் பெற்று, ஏப்ரல் 1 தேதியிட்ட மென்மையான குறிப்பை வைத்தார். முதல் குறிப்பின் கவலையும், நாம் பிடிக்கப்போகும் நாடு மொத்தமும் பாழாகிவிடுமே என்பதைச் சுற்றித்தான். இரண்டையும் சேர்த்துக் காட்டாமல் ஒன்றை மட்டும் காட்டினால் எதிராளி அடுத்த நிமிடமே இன்னொன்றை நீட்டுவார்.

சட்டப்பை

“அது போர்க்குற்றம்” என்று ஒரே போடாகப் போடுபவர்களுக்கு. 1907 ஹேக் விதிகளின் 25-ஆம் பிரிவு பாதுகாப்பற்ற ஊர்களைத் தாக்கத் தடை செய்தது. பீரங்கி சூழ்ந்த ஹாம்பர்க் ‘பாதுகாப்பற்றது’ அல்ல என்று எதிர்வாதம் வரும். வான்போருக்கென 1923-இல் ஹேக்கில் எழுதிய வரைவு, மக்களை அச்சுறுத்தும் குண்டுவீச்சைத் தடுத்தது. ஆனால் எந்த நாடும் அதை ஒப்பந்தமாக ஏற்கவில்லை. போருக்குப் பின் நடந்த நியூரெம்பர்க் விசாரணையில் நகரக் குண்டுவீச்சுக்காக ஜெர்மானியர் மீதும் குற்றம் சாட்டவில்லை; சாட்டியிருந்தால் கேள்வி திரும்பி வந்திருக்கும்.

தெளிவான தடை, ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977 ஜூன் 8 தேதியிட்ட முதல் கூடுதல் நெறிமுறையில்தான். அதன் 51-ஆம் பிரிவு, ஊருக்குள் தனித்தனியாக இருக்கும் பல இலக்குகளை ஒரே இலக்காகப் பாவித்துத் தாக்குவதை நேரடியாகத் தடுக்கிறது. அதே பிரிவில்தான் அளவு மீறக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. அதை எல்லோரும் பிணங்களை எண்ணிப் பார்த்து வாதிடுகிறார்கள். விதி கேட்பது அதை அல்ல: தாக்க உத்தரவிட்ட நேரத்தில் கையிலிருந்த தகவலின்படி, எதிர்பார்த்த ராணுவப் பலன் என்ன, எதிர்பார்த்த பொதுமக்கள் சேதம் என்ன. ஆகவே கேட்க வேண்டியவை உத்தரவின் நகல், குண்டுக் கலவை, குறிப்புள்ளி வரைபடம், முன்னெச்சரிக்கை கொடுத்தார்களா என்பது. பிரிட்டன் இந்த நெறிமுறையை 1998-இல் உறுதி செய்தது. அமெரிக்கா கையெழுத்து மட்டும் போட்டது. இந்தியாவும் இலங்கையும் இன்றுவரை சேரவில்லை. சேராவிட்டாலும், பொதுமக்களையும் போராளிகளையும் பிரித்துப் பார்க்கும் கடமை வழக்காற்றுச் சட்டமாக எல்லா நாடுகளையும் கட்டும் என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் நிலை.