வெள்ளாற்று முகத்துவாரத்தில் சாயங்காலத் தூண்டில்: சேலத்திலிருந்து முதல்முறை போகிறோம்

மூக்கனேரிக்காரன் கேட்டது:
வணக்கம். மூக்கனேரியிலும் மேட்டூர் பக்கமும் ஜிலேபி, கட்லா பிடித்துப் பழக்கம், உப்புத் தண்ணீரில் தூண்டில் போட்டதே இல்லை. வருகிற சனிக்கிழமை நாலு பேர் பரங்கிப்பேட்டை போய், வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் கரையில் நின்றே போடலாம் என்று யோசனை. ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போய் வெறுங்கையோடு திரும்பினால் வீட்டில் மானம் போய்விடும். எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்? மைதா உருண்டை எடுபடுமா? கரையிலிருந்தே கொடுவா கிடைக்குமா?

வசிஷ்டநதி:
தம்பி, கடிகாரத்தை விடுங்கள், ஓதத்தை, அதாவது கடல் தண்ணீர் ஏறி (ஏற்றம்) இறங்குவதை (வற்றம்) பாருங்கள். ஏரியில் மீன் இருக்கிற இடத்துக்கு நாம் போகிறோம், முகத்துவாரத்தில் தண்ணீர்தான் மீனைக் கொண்டுவரும், அதே தண்ணீர்தான் கொண்டுபோகும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட; தண்ணீர் அசையாமல் நிற்கிற நேரத்தில் தூண்டில் சும்மா கிடக்கும். ஏற்றம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஏற்றம் என்றால் அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் வற்றம். போன வாரம் போனவர் சொன்ன நேரத்தை நம்பி வண்டி ஏறாதீர்கள், ஓத அட்டவணையைப் பார்த்து, இருட்டுகிற நேரமும் தண்ணீர் ஓடுகிற நேரமும் ஒன்றாக வருகிற நாளாக எடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு பலமாக இருக்கும், தூண்டில் நரம்பில் எடைக்குக் கட்டுகிற ஈயம் உருண்டையாக இருந்தால் உருண்டு ஓடிவிடும், தட்டை ஈயம் வாங்குங்கள். அஷ்டமி சமயத்தில் இழுப்பு குறைவு, புதிதாகப் போகிறவருக்கு அது சுலபம்.

இன்னொன்று, நம்ம ஆத்தூர் வழியாகப் போகிற வசிஷ்ட நதி கடைசியில் வெள்ளாற்றில்தான் சேருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேலே மழை பெய்தால் அங்கே தண்ணீர் கலங்கி உப்பும் குறைந்துவிடும், அப்போது போகாதீர்கள்.

தக்கை மாமா:
மைதாவுக்கு எப்போதாவது மடவை வரும், அவ்வளவுதான். இறால் துண்டுதான் சரி. மணல் பக்கம் போட்டால் கிழங்கான் வரும், சின்னத் தூண்டில் முள், சின்ன இறால் துண்டு போதும். நரம்பு லேசாகத் தட்டித் தட்டித் தளர்ந்து, இழுத்துப் பார்த்தால் முள் மட்டும் பளபளவென்று வந்தால் அது நண்டு. பத்தடி தள்ளிப் போடுங்கள்.

கொடுவா கரையிலிருந்தே கிடைக்கும், ஆனால் உயிரோடு இருக்கிற சின்ன மடவையைக் கோர்த்தால்தான் எனக்கு நம்பிக்கை. கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி, மெல்லிய நரம்பை அறுத்துவிடும், முள்ளுக்கு மேலே ஒரு முழம் தடித்த நரம்பு கட்டுங்கள்.

வசிஷ்டநதி:
உயிர் மடவைக்கு வலை வீசத் தெரிய வேண்டுமே மாமா, முதல் தடவை போகிறவர்கள் சாயங்காலம் முழுக்க அதிலேயே போய்விடும். முழு இறாலுக்கும் கொடுவா வரும்.

ஏற்காடு அடிவாரம்:
யாரும் சொல்லவில்லையே, கடல் கெளுத்தியை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். முதுகிலும் இரண்டு பக்கமும் இருக்கிற முள்ளில் விஷம். குத்திவிட்டால் தோல் வெந்துவிடாமல், பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரமாவது கையை வையுங்கள், வலி தணியும். முள் உள்ளே ஒடிந்திருந்தால் ஆஸ்பத்திரிதான். ஒரு குறடும் ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் எடுத்துப் போங்கள். அப்புறம், பக்கத்தில்தானே என்று பிச்சாவரம் காட்டுக்குள் தூண்டிலோடு போகாதீர்கள், அது காப்புக்காடு.

மூக்கனேரிக்காரன்:
ரொம்ப நன்றி. அட்டவணை பார்த்தேன், சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் தண்ணீர் அசைவே இல்லை போலிருக்கிறது. ஒரு வாரத்தில் ஏற்றம் வற்றம் ஆகிவிடும் என்றால், அடுத்த சனிக்கிழமையும் இதே கதைதானே?

வசிஷ்டநதி:
அதேதான். நடுவில் புதன் கிழமை பாருங்கள், லீவு கிடைக்குமா?