வேர்ச்சுவல் பொக்ஸில எக்ஸ்பி ஓடுது, சவுண்ட் மட்டும் வருதில்ல (அப்பப்பாட அம்பா ரெக்கோடிங் கேக்கணும்)

திருக்கடலூர்_பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, திருக்கடலூர். ரெண்டு கிழமையா இதோட மல்லுக்கட்டுறன், தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.

எங்கட அப்பப்பா கரைவலைக்காரர், கரையில நிண்டு வலை இழுக்கிறவர். அவர் அம்பா (வலை இழுக்கக்குள்ள பாடுற பாட்டு) எடுத்தா வலையிட மற்றக் கயித்துல நிக்கிற ஆக்களுக்கும் கேக்கும் எண்டு ஊரில இப்பவும் சொல்லுவாங்க. 2008இல சித்தப்பா கட்டாரில இருந்து லீவில வரக்குள்ள ஒரு சின்ன வொய்ஸ் ரெக்கோடர் கொண்டு வந்தவர், அதில அப்பப்பாவ பாடவச்சு, கதைக்கவச்சு எல்லாம் பிடிச்சு வச்சிருக்கார். அப்பப்பா 2013இல மோசம் போயிட்டார். ரெக்கோடரும் பழுதாப் போச்சு, ஆனா ஃபைல் எல்லாம் ஒரு சீடியில இருக்கு, மொத்தம் 23. எல்லாம் டீவிஎஃப் எண்டு முடியிற ஃபைல், விஎல்சியில போட்டுப் பாத்தன் திறக்கல்ல. டவுனில ஒரு கடையில குடுத்துக் கேட்டதுக்கு இது ஒண்டுக்கும் உதவாது வீசுங்க எண்டுட்டாங்க. எனக்கு அண்டைக்கு நித்திரையே இல்ல.

பிறகு ரெக்கோடரோட வந்த சொஃப்ட்வெயார் சீடிய அலுமாரிக்குள்ள இருந்து தேடி எடுத்தன். அது பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு உள்ளது. என்ட டெஸ்க்டொப்பில உபுண்டு 22.04 (லினக்ஸ்), அதில வேர்ச்சுவல் பொக்ஸ் 6.1 (கொம்பியூட்டருக்குள்ள இன்னொரு கொம்பியூட்டர் மாதிரி ஓட்டுற சொஃப்ட்வெயார்) போட்டு எக்ஸ்பி சேர்விஸ் பெக் 3 இன்ஸ்டோல் பண்ணி அந்த சொஃப்ட்வெயாரையும் போட்டாச்சு. ஃபைல் திறக்குது! பிளே அமத்தினா நிமிசம் ஓடுது, கோடு நகருது, ஆனா சத்தம் ஒரு சொட்டும் இல்ல. உபுண்டுவில யூடியூப் எல்லாம் ஸ்பீக்கரில நல்லாத்தான் கேக்குது. ஒரு வீடியோவில இன்டெல் எச்டி ஒடியோ எண்டதுக்கு மாத்தச் சொன்னாங்க, மாத்தினன், அதுக்குப் பிறகு எக்ஸ்பியில கீழ இருந்த ஸ்பீக்கர் படமும் காணாமப் போயிட்டு.

அடுத்த மாசம் ஆண்டுத்திவசம். அப்பம்மாக்கு ஒரு தரமாவது அந்தக் குரலக் கேக்க வைக்கணும்.

கிண்ணியா_நானா:

தங்கச்சி, அந்த சீடியக் கவனமா வைங்க, வெயிலில வைக்காதீங்க. முதல்ல மெசினிட செட்டிங்ஸில ஒடியோவுக்குப் போய் எனேபிள் ஒடியோ அவுட்புட் எண்ட சின்னப் பெட்டியில சரி அடையாளம் இருக்கா பாருங்க. மேல எனேபிள் ஒடியோ எண்டு ஒண்டு, கீழ அவுட்புட்டுக்குத் தனியா ஒண்டு, ரெண்டும் வேணும்.

உப்புவெளி_லினக்ஸ்:

வீடியோவில சொன்னது இப்பத்தைய விண்டோஸுக்குச் சரி, எக்ஸ்பிக்குப் பிழை தங்கச்சி. இதக் கொஞ்சம் விளங்கப்படுத்திறன், ஏனெண்டா அடுத்த தரம் உங்களுக்கே பிடிபடும்.

வேர்ச்சுவல் பொக்ஸ் எக்ஸ்பிக்கு ஒரு பொய் சவுண்ட் கார்ட் காட்டும். அதில மூண்டு வகை: ஐசிஎச் ஏசி97, இன்டெல் எச்டி ஒடியோ, சவுண்ட் பிளாஸ்டர் 16. உள்ள இருக்கிற விண்டோஸுக்கு எந்தக் கார்டுக்கு டிரைவர் (அந்தக் கார்ட இயக்கிற சொஃப்ட்வெயார்) கையில இருக்கோ அதத்தான் நாங்க குடுக்கணும். எக்ஸ்பி 2001இல வந்தது, எச்டி ஒடியோ வந்தது 2004இல, அப்ப அதுக்கான டிரைவர் எக்ஸ்பிக்குள்ள எங்கால இருக்கும்? எக்ஸ்பிக்குப் பிறகு வந்த விஸ்டாவில இருந்துதான் அது கூடவே வருது. ஏசி97க்கு எக்ஸ்பிட்ட டிரைவர் இருக்கு, தானே கண்டுபிடிச்சுப் போட்டுக்கொள்ளும். இப்ப உங்கட எக்ஸ்பியில டிவைஸ் மனேஜரத் திறந்தா ஒரு மஞ்சள் அடையாளம் நிக்கும், அதுதான் அந்த எச்டி கார்ட்.

மாத்தப் போகக்குள்ள ஒரு இடத்தில எல்லாரும் மாட்டுப்படுறது: எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்தாலோ, மூடக்குள்ள சேவ் த மெசின் ஸ்டேட் எண்டு குடுத்து மூடியிருந்தாலோ, ஒடியோ கொன்ட்ரோலர் எண்ட வரி சாம்பல் நிறத்தில இருக்கும், அமத்த விடாது. எக்ஸ்பிக்குள்ள ஸ்டார்ட் போய் ஒழுங்கா டேர்ன் ஓஃப் பண்ணுங்க. பிறகு கொன்ட்ரோலர் ஐசிஎச் ஏசி97, ஹோஸ்ட் டிரைவர் பல்ஸ் ஒடியோ. ஹோஸ்ட் எண்டா வெளிய இருக்கிற உபுண்டு. ஹோஸ்டில அல்சா எண்ட மற்ற வழிய வச்சிருந்தா மாத்துங்க, 22.04இல பல்ஸ்தான் சவுண்டக் கையில வச்சிருக்கு, அல்சாவால நேர போனா சிலவேளை கார்ட் பிஸி எண்டு கிடைக்காது.

திருக்கடலூர்_பேத்தி:

அண்ணா சொன்ன மாதிரியே சாம்பல் நிறத்தில தான் இருந்தது, நான் எப்பவும் சேவ் ஸ்டேட் தான் குடுக்கிறது. டேர்ன் ஓஃப் பண்ணி மாத்தி ஓன் பண்ணினன், எக்ஸ்பி தானா ஏதோ கண்டுபிடிச்சு இன்ஸ்டோல் பண்ணிச்சு, ஸ்பீக்கர் படம் திரும்ப வந்திட்டு, மஞ்சள் அடையாளமும் இல்ல. நானா சொன்ன ரெண்டு பெட்டியும் ஏற்கனவே சரி போட்டுத்தான் இருக்கு. ஆனா இன்னும் சத்தம் இல்ல. எக்ஸ்பியிட வொல்யூம் கொன்ட்ரோலத் திறந்து பாத்தன், வேவ் மியூட்டில இல்ல, முழுசா ஏத்தி வச்சிருக்கு. இனி என்ன செய்யிறது?

கிண்ணியா_நானா:

இப்ப உள்பக்கம் சரி, வெளிப்பக்கம் பாக்கணும். உபுண்டு சொஃப்ட்வெயாரில பல்ஸ் ஒடியோ வொல்யூம் கொன்ட்ரோல் எண்டு தேடி இன்ஸ்டோல் பண்ணுங்க. அதத் திறந்து முதலாவது டெப், பிளேபேக், அதில நில்லுங்க. சும்மா பாத்தா ஒண்டும் தெரியாது, எக்ஸ்பியில ஒரு ஃபைல ஓட விட்டுட்டு அப்பிடியே பாக்கணும், அப்பதான் வேர்ச்சுவல் பொக்ஸ் எண்டு ஒரு வரி வரும். அதுக்குக் கீழ ஒரு கோடு துடிக்குதா பாருங்க. துடிச்சா சத்தம் எக்ஸ்பிய விட்டு வெளிய வந்திட்டு எண்டு அர்த்தம், எங்கயோ வேற வழியாப் போகுது. துடிக்காட்டி பிழை இன்னும் உள்ளுக்கத்தான். இந்த ஒரு கோட்டப் பாக்காமத்தான் நிறையப் பேர் எக்ஸ்பிய அழிச்சு அழிச்சுத் திரும்பப் போடுறாங்க, பாக்க மனசு சரியில்ல.

மொனிட்டர் எச்டிஎம்ஐ கேபிளிலயா?

திருக்கடலூர்_பேத்தி:

ஓம் நானா எச்டிஎம்ஐ தான். கோடு துடிக்குது!!! வேர்ச்சுவல் பொக்ஸ் எண்ட வரியிலயே வலப்பக்கம் எச்டிஎம்ஐ எண்டு இருக்கு. ஃபயர்பொக்ஸ் வரியில பில்ட் இன் ஒடியோ அனலொக் எண்டு இருக்கு. மொனிட்டரில ஸ்பீக்கரே இல்ல.

கிண்ணியா_நானா:

அல்ஹம்துலில்லாஹ், அதுதான். பல்ஸ் ஒவ்வொரு புரோகிராமுக்கும் கடைசியா எங்க சத்தம் போனது எண்டு ஞாபகம் வச்சிருக்கும். முதல் நாள் எச்டிஎம்ஐ பக்கம் போயிருக்கு, அதையே பிடிச்சுக் கொண்டு நிக்குது, பிரவுசர் மட்டும் மாறிட்டு. அந்த எச்டிஎம்ஐ எண்ட இடத்த அமத்தி அனலொக்க எடுங்க. எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கக்குள்ளயே மாத்தலாம்.

திருக்கடலூர்_பேத்தி:

கேக்குது.

கை நடுங்குது, பிழையா டைப் பண்ணினா மன்னிச்சுக்கொள்ளுங்க. மாத்தின உடன முதல்ல காத்து இரையிற சத்தம், பிறகு ஆரோ நாற்காலிய இழுக்கிறாங்க, அப்பப்பா ரெண்டு தரம் செருமுறார், டேய் இது பிடிக்குதா எண்டு சித்தப்பாவக் கேக்கிறார், பிறகுதான் பாட்டு. அப்பம்மா குசினிக்குள்ள தேங்காய் திருவிக்கொண்டு நிண்டவ, திருவலைய விட்டுட்டு வந்து கதவடியில நிக்கிறா. ஒண்டும் கதைக்கல்ல. பாட்டு முடிய, திரும்பப் போடு எண்டா. இப்ப நாலாவது தரம் ஓடுது.

நானா, அண்ணா, எப்பிடி நன்றி சொல்லுறதெண்டே தெரியல்ல. இடைக்கிட ஒரு கரகரப்பு வருது, அது ரெக்கோடிங்கிலயா கொம்பியூட்டரிலயா எண்டு தெரியாது.

உப்புவெளி_லினக்ஸ்:

வாசிச்சிட்டு நானும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன்.

கரகரப்ப இப்பிடிப் பாருங்க: அதே இடத்தத் திரும்ப ஓட விடுங்க. ஒவ்வொரு தரமும் அதே செக்கனில வந்தா ரெக்கோடிங்கில உள்ளது. இடம் மாறி மாறி வந்தா கொம்பியூட்டருக்குச் சுமை கூடிட்டு, பிரவுசர மூடிட்டுப் பாருங்க.

இனி கேட்டது காணும் எண்டு விட வேண்டாம். இண்டைக்கே மாத்தி வைக்கணும், சீடி எப்ப கைவிடும் எண்டு ஆருக்கும் தெரியாது. அந்த சொஃப்ட்வெயாரில ஃபைல் மெனுவில சேவ் அஸ் இருந்தா வேவ் (சுருக்காத ஃபைல்) ஆ சேமியுங்க, எம்பி3 வேண்டாம், அது ஏற்கனவே சுருக்கின குரல், இன்னொருக்காச் சுருக்கக் கூடாது. வெளிய எடுக்க எக்ஸ்பிக்குள்ள கெஸ்ட் அடிஷன்ஸ் (வேர்ச்சுவல் பொக்ஸிட துணைச் சொஃப்ட்வெயார்) போட்டு, எக்ஸ்பிக்கும் உபுண்டுக்கும் பொதுவா ஒரு ஷேர்ட் ஃபோல்டர் வைக்கலாம். சேவ் பண்ண விடாட்டி, உபுண்டுவில ஓடாசிட்டி எண்ட ரெக்கோட் பண்ணுற சொஃப்ட்வெயாரத் திறந்து ரெக்கோட் அமத்தி, நானா சொன்ன அதே சொஃப்ட்வெயாரில ரெக்கோடிங் டெப்பில மொனிட்டர் ஒஃப் பில்ட் இன் ஒடியோ எண்டத எடுங்க, ஸ்பீக்கருக்குப் போறது அப்பிடியே பதிவாகும், மைக் தேவையில்ல. ஆனா இதில கரகரப்பும் சேந்து பதிவாகும், அதால சேவ் அஸ் தான் முதல் வழி.

டீவிஎஃப் ஃபைலையும் அழிக்காதீங்க, அதுதான் மூலம். சொஃப்ட்வெயார் சீடியையும் ஐஎஸ்ஓவா (முழுச் சீடியும் ஒரே ஃபைலா) எடுத்து வேற டிரைவில வைங்க. எக்ஸ்பிக்கு நெட்வேர்க்கக் கழட்டி விடுங்க, 2014 ஏப்ரல் 8ஓட அதுக்கு அப்டேட் நிண்டுட்டு, இந்த வேலைக்கு இன்டர்நெட்டும் தேவையில்ல.

கொட்டியாரத்தான்:

தங்கச்சி, ஒண்டே ஒண்டு. ஓடாசிட்டியில நொய்ஸ் ரிடக்ஷன் எண்டு ஒண்டு இருக்கு, சுத்தம் பண்ணலாம் எண்டு ஆராவது சொன்னா மூலத்தில கை வைக்காதீங்க. நானும் மூதூரில சின்னனில கரைவலை இழுத்தவன். அம்பாவில ஒருத்தர் அடி எடுக்க மற்ற ஆக்கள் ஏலேலோ எண்டு பின்னால வாங்குவாங்க, அந்த வாங்கிற இடத்திலதான் இழுவை. பின்னால தூரத்தில கேக்கிற குரலையும் மூச்சையும் சொஃப்ட்வெயார் இரைச்சல் எண்டு நினைச்சு வெட்டிப்போடும், பிறகு பாட்டு இருக்கும் இழுவை இருக்காது. ஒவ்வொரு ஃபைலையும் போடக்குள்ள அப்பம்மாவப் பக்கத்தில இருத்தி, ஆரிட குரல், எந்தப் பாடு (கரைவலை போடுற இடம்), எந்தத் துறை எண்டு கேட்டு ஒரு கொப்பியில எழுதி வைங்க. அவவுக்குத்தான் தெரியும்.

திருக்கடலூர்_பேத்தி:

சேவ் அஸ் இருக்கு அண்ணா, வேவும் இருக்கு. ஒம்பது ஃபைல் முடிஞ்சிட்டு. மூண்டாவதில பின்னால வாங்கிற குரல் ஒண்டு பெரியப்பா எண்டு அப்பம்மா சொல்லுறா, எங்களுக்கு அது தெரியவே தெரியாது. கொப்பி எடுத்தாச்சு.